டீயில் முக்கினாலும் உடையாத பிஸ்கட்: முட்டை, பால், மைதாவுக்குப் பதில் எதை எடுப்பது?

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஒரு சின்ன ஓவன் வைத்து கேக், பிஸ்கட் செய்து கொடுக்கிறேன். போன ஆடி மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். கீழ் வீட்டுப் பையனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, வாயில் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். அவன் பிறந்தநாளுக்கு கேக் வேண்டும். சௌகார்பேட்டையில் ஒரு ஜெயின் குடும்பத்துக்கு சாயங்கால டீயோடு சாப்பிட முட்டை சேர்க்காத கேக் வேண்டும். மூன்றாவது ஆள் எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன். "சுகர் இருக்கிறவங்க பொறை, பட்டர் பிஸ்கட்டுன்னு எதையும் தொட மாட்றாங்கம்மா. கேவுருல எதுனா போட்டுக் குடேன்" என்றார்.

முட்டையும் பாலும் இல்லாமல், மைதாவைக் குறைத்து ஒரு பண்டம் செய்துவிட்டால் மூன்று பேருக்கும் அதையே கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆடியில் ஆரம்பித்து கார்த்திகை வரை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒரே பண்டம் மூவருக்கும் ஆகாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எதை எங்கே போட்டால் நிற்கும், எது வீண் என்று இந்த நான்கு மாதத்தில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வீட்டிலிருந்து பேக்கிங் செய்கிறவர்கள் எங்கள் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும்.

முதலில் முட்டை. ஓடு நீக்கிய முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் 6 கிராம் போல புரதமும் 5 கிராம் போல கொழுப்பும் இருக்கும். இந்தச் சின்னப் பொருள் நான்கு வேலை பார்க்கிறது. அடித்தால் நுரைத்துக் காற்றைப் பிடித்து வைக்கிறது. சூடு பட்டால் இறுகி, கேக் அமுங்காமல் தாங்குகிறது. மஞ்சள் கருவில் இருக்கும் லெசிதின் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்க்கிறது. மேலே பொன்னிறமும் கொடுக்கிறது. நான்கையும் ஒரே பொருளால் ஈடுகட்ட முடியாது. அதனால், செய்யப்போகும் பண்டத்தில் முட்டைக்கு எந்த வேலை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்கட்டில் அது ஒட்ட வைக்கிறது, அவ்வளவுதான். பஞ்சு மாதிரி எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்கில் முக்கால்வாசி வேலையே முட்டையுடையது. அங்கே போய் மாற்றுப் பொருளோடு மல்லுக்கட்டினால் மாவும் நேரமும்தான் போகும்.

ஆளி விதை எனக்கு முதலில் கைகொடுத்தது. ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால், கரண்டியைத் தூக்கும்போது வெண்டைக்காய் நறுக்கின கத்தியில் இழுக்கிற மாதிரி நூல் நூலாக வரும். அந்த வழவழப்புதான் ஒட்ட வைக்கிறது. ஒரு முட்டைக்கு ஆகிற காசில் பாதிகூட ஆகாது. ஒமேகா-3 கொழுப்பும் நார்ச்சத்தும் கூடவே கிடைக்கும். ஆனால் எழும்ப வைக்காது. பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால், ஒரு வாரத்துக்கு மேல் ஆகிற அளவுக்கு நான் பொடிப்பதில்லை, அதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். பிஸ்கட்டுக்கும், கனமான கேக்குக்கும் இது போதும்.

இசப்கோல் என்று மெடிக்கல் கடையிலும் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கிற உமி, ஆளி விதையைவிட இறுக்கமாகப் பிடிக்கும். கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் என்ற புரதம் இல்லாத சிறுதானிய மாவைப் பிசையும்போது கையோடு வராமல் உதிர்ந்துகொண்டே இருக்கும் இல்லையா, அதற்கு ஒரு தேக்கரண்டி போதும். இரண்டு போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

வாழைப்பழம் எல்லோரும் சொல்கிற வழி. ஒரு முட்டைக்குக் கால் கப் மசித்த பழம். கறுப்புப் புள்ளி விழுந்த பழத்தை சாயங்காலம் தள்ளுவண்டியில் மலிவாகவே வாங்கலாம். அதன் இனிப்பால் சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கலாம். நான் முதலில் முழுக்கக் கோதுமை மாவும் மூன்று வாழைப்பழமும் போட்டு, சோடாவைக் கொஞ்சமாகச் சேர்த்துச் செய்தேன். அத்தை ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "களியச் சுட்டு எடுத்தாப்புல கீதும்மா" என்றார்கள். சரியான வார்த்தை. வாழைப்பழம் ஈரத்தையும் பிடிப்பையும் கொடுக்கும், காற்றைக் கொடுக்காது. பழத்தைக் குறைத்து, ஆப்ப சோடாவும் கொஞ்சம் புளிப்பும் சேர்த்த பிறகுதான் கேக் கேக்காக வந்தது. பூவன் பழத்தில் இயல்பாகவே லேசான புளிப்பு இருப்பதால் இந்த வேலைக்கு மோரீஸைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு அக்வாஃபாபா என்று பெயர். பருப்பு வகைகள் வெந்த தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று 2014-இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். 2015-இல் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். சுண்டல் செய்யும் நாளில் நாம் சிங்க்கில் கொட்டுகிற தண்ணீர்தான். உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெள்ளைக்கரு பதத்துக்கு வற்ற வைத்து, ஆறிய பிறகு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரில் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் மங்கலான நுரை. பத்து நிமிடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத வெள்ளை வெளேர் நுரை. கீழ் வீட்டுப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம்.

பார்க்க அற்புதமாக இருந்தாலும் எனக்கு இது ஒத்துவரவில்லை. அந்த நுரையில் சர்க்கரை சேர்த்து மெரிங் சுட்டேன். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம், காசிமேட்டுக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். காலையில் மொறுமொறுவென்று இருந்தது ராத்திரிக்குள் ஒட்டும் மிட்டாய் ஆகிவிட்டது. அதோடு மெரிங் என்றாலே பாதிக்கு மேல் சர்க்கரை, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்க மனம் வராது. கேக் மாவில் கலந்தால் ஓரளவு எழும்புகிறது, ஆனால் அதற்கு இத்தனை பாடு தேவையில்லை.

ஏனென்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. சோடாவும் வினிகரும். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் முட்டை, வெண்ணெய், பால் எதுவும் இல்லாமல் வீடுகளில் இப்படித்தான் சாக்லேட் கேக் செய்தார்கள். ஒன்றரை கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு மேசைக்கரண்டி வினிகர். இரண்டும் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பும், அதுதான் கேக்கைத் தூக்குகிறது. வாயு அந்த நொடியே கிளம்ப ஆரம்பித்துவிடும். அதனால் ஓவன் முன்பே சூடாகி இருக்க வேண்டும், தட்டில் எண்ணெய் தடவி இருக்க வேண்டும், வினிகரைக் கடைசியில் ஊற்றி நாலு சுற்றுச் சுற்றி உடனே உள்ளே தள்ள வேண்டும். ஒரு தடவை வினிகர் ஊற்றிய பிறகு கதவு தட்டுகிறார்கள் என்று எழுந்து போனேன், கேக் பாதி உயரம்தான் வந்தது. கோகோ போட்ட கேக்கில் வினிகர் வாடை துளிகூடத் தெரியாது. பையனின் பிறந்தநாள் கேக் இப்படித்தான் செய்தேன். பாதி கோதுமை மாவு, பாதி மைதா. முழுக்கக் கோதுமை போட்டிருக்கலாம்தான், ஆனால் பிறந்தநாள் அன்று ஒரு குழந்தை தன் கேக்கை மட்டும் ஆசையாகச் சாப்பிட முடியாமல் போவது எனக்குப் பொறுக்காது.

கடையில் முட்டை சேர்க்காத கேக் மிக்ஸ் என்று பாக்கெட்டில் கிடைப்பதையும் பார்த்தேன். நான் வாங்கியதில் பால் பொடி இருந்தது, முதல் சேர்மானமே சர்க்கரை. பச்சைப் புள்ளி இருந்தாலே தாவரப் பொருள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பச்சைப் புள்ளிக்குப் பால் தடை இல்லை. பாலும் தேனும்கூட இல்லாத உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் தனி விதிமுறைகளையும் தனி வீகன் முத்திரையையும் கொண்டுவந்தது. வெண்ணெய்க்குப் பதில் போடும் மார்ஜரினிலும் இதே கதைதான். முழுக்கத் தாவர எண்ணெய் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த டப்பாவில், பின்பக்கச் சின்ன எழுத்தில் பால் திடப்பொருள் என்று போட்டிருந்தது. திருப்பிப் படிக்காமல் வாங்கக் கூடாது.

அடுத்து மாவு. எங்கள் பக்கம் ஆடி மாதம் எந்தத் தெருவில் போனாலும் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள், அதனால் கேழ்வரகை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவ்வளவும் உடம்பில் சேர்ந்துவிடாது. அதில் இருக்கும் ஃபைட்டேட் போன்ற பொருட்கள் கொஞ்சத்தைத் தடுத்துவிடும். முளைகட்டினால் அந்தத் தடை குறையும். சரி, முளைகட்டிய மாவையே எல்லாவற்றுக்கும் போடலாம் என்று கேக்கில் போட்டேன். நாற்பது நிமிடம் சுட்டும் நடுவில் பிசுபிசுவென்று இருந்தது, வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் வைத்தும் அப்படியே. முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. ஈரமான கேக் மாவில் சூடேறும் வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். பிஸ்கட் மாவில் தண்ணீர் குறைவு, மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் சூடாகிவிடும், அங்கே இந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே பிஸ்கட்டுக்கு முளைகட்டிய கேழ்வரகு, கேக்குக்குச் சாதாரணக் கேழ்வரகு என்று முடிவு செய்தேன்.

கேழ்வரகு மாவை வாசம் வரும் வரை இளஞ்சூட்டில் வறுத்தால் பச்சை வாடை போகும். பிசைந்ததும் சுடக்கூடாது, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அது மெதுவாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். அவசரப்பட்டால் பல்லில் நறநறவென்று மாட்டும்.

கம்பு சுவையாக இருந்தது, ஆனால் கம்பில் எண்ணெய்ச் சத்து 5 சதவீதம் அளவில் இருப்பதால் அரைத்த மாவு வெயில் காலத்தில் சில நாளிலேயே கசக்கத் தொடங்கிவிடும். வியாபாரத்துக்கு மாவாக வாங்கி வைப்பது சரிப்படாது. சாமை, வரகு மாவில் தனியாக நிற்கிற சுவை எதுவும் இல்லை, விலையும் கூட.

எனக்குப் பிடித்துப்போனது பொட்டுக்கடலை மாவுதான். பேக்கிங் செய்பவர்கள் யாரும் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. முறுக்குக்கு நம் வீடுகளில் சேர்ப்பதே எதற்கு? மொறுமொறுப்புக்கும் பிடிப்புக்கும்தானே. பிஸ்கட்டிலும் அதே வேலையைச் செய்கிறது. ஏற்கெனவே வறுபட்டது, பச்சை வாடை கிடையாது. முட்டையை எடுத்துவிட்டதால் போன புரதத்தில் ஒரு பங்கையும் இது திருப்பிக் கொடுக்கிறது. ஆளி விதையும் சோடாவும் முட்டையின் வேலையைச் செய்யுமே தவிர, முட்டையின் சத்தைத் தராது. கறி, மீன், முட்டை, பால் எதையுமே சாப்பிடாதவர்கள் பி12 வைட்டமினுக்குத் தனியாக வழி பார்த்துக்கொள்ள வேண்டும், அது இந்த மாதிரி பிஸ்கட்டில் வராது.

கொழுப்பு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வனஸ்பதி வேண்டாம். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் பழைய ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் பேக்கரிக் கொழுப்புகளில் பெரும்பாலானவை பாமாயிலில் செய்தவை, பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயைவிடவே அதிகம். தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக இதயத்துக்கு நல்லது ஆகிவிடாது. இன்னொன்று, அது 24, 25 டிகிரியில் உருகிவிடும். நம் ஊரில் மார்கழிக் காலை நேரம் தவிர எப்போதும் எண்ணெயாகத்தான் இருக்கும். சர்க்கரையோடு குழைத்துக் காற்றேற்றலாம் என்று குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் முறை இங்கே நடக்காது. செக்குக் கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 20 சதவீதத்துக்குள்தான். மாவில் விட்டு விரல் நுனியால் பிசிறினால் பிஸ்கட் நன்றாகவே உதிரும் பதத்தில் வருகிறது. கருப்பட்டி போடும் பண்டத்தில் நல்லெண்ணெய் அருமையாகச் சேர்கிறது. பப்ஸை மட்டும் நான் தொடவில்லை. மடிப்பு மடிப்பாக வர கெட்டிக் கொழுப்பு வேண்டும், அதை ஆரோக்கியமாக்கும் வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பாலுக்குப் பதில் சோயா பால். அதில் 3 சதவீதம் போலப் புரதம் இருக்கிறது, வினிகர் விட்டால் மோர் மாதிரி திரிந்து கேக்கை மென்மையாக்குகிறது. தேங்காய்ப்பால் மணமாக இருக்கும், கொழுப்பு அதிகம். பிஸ்கட்டுக்குத் தண்ணீரே போதும்.

இனிப்பில்தான் மனிதர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்வதைப் பார்த்து வருத்தப்படுகிறேன். என் அத்தைக்கே பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வெல்லம் என்றால் இரண்டு துண்டு கூடச் சாப்பிடுவார்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு, அதற்காகச் சர்க்கரை நோய்க்காரர் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்தால் நல்லது என்கிறது. டீயிலேயே பாதி போய்விடும். அதனால் எந்த இனிப்பு என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் நான் கவனமாக இருக்கிறேன். மண்ணடியில் வாங்கும் பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் கேக்குக்கு நன்றாக இருக்கிறது, நார்ச்சத்தும் சேரும். பிஸ்கட்டில் போட்டால் நமுத்துவிடும். வெல்லப் பாகும் அப்படித்தான். பிஸ்கட்டுக்கு உலர்ந்த நாட்டுச்சர்க்கரைதான் சரி.

இப்போது யாருக்கு எது என்பது.

சௌகார்பேட்டைக் குடும்பத்துக்கு நான் முதலில் காரட் கேக் கொண்டுபோனேன். அந்த அம்மா பார்த்துவிட்டுத் தன்மையாகச் சொன்னார்கள், மண்ணுக்கடியில் விளைவது எதையும் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். இதை முன்பே கேட்டிருக்க வேண்டும். பாலும் தயிரும் அவர்களுக்குத் தடையில்லை. அங்கே தயிரும் சோடாவும் போட்ட கோதுமை, பேரீச்சை கேக்தான் கொடுக்கிறேன். முழுக்கத் தாவரப் பண்டம் அவர்கள் கேட்டதே இல்லை, என் ஆசையை அவர்கள் தட்டில் வைக்கத் தேவையில்லை. குழந்தைக்குச் சோடா, வினிகர், சோயா பால் கேக். அந்தக் கேக்குக்குக் கிண்ணம், பீட்டர், தட்டு எல்லாம் தனியாக வைத்திருக்கிறேன். முட்டை அடித்த பீட்டரைக் கழுவித்தானே வைத்தோம் என்று ஒவ்வாமை உள்ள குழந்தை விஷயத்தில் இருக்க முடியாது.

டீக்கடை பிஸ்கட் ஐந்தாவது தடவைதான் நின்றது. முதலில் முழுக்கக் கேழ்வரகில் செய்து ஒரு டப்பா கொடுத்தேன். அண்ணன் ஒன்றை எடுத்து கிளாஸில் முக்கினார், தூக்கும்போது கையில் பாதிதான் இருந்தது. "வாயில வச்சா நல்லாதாம்மா கீது. டீல வுட்டா கரைஞ்சு பூடுது" என்றார். டீக்கடையில் பிஸ்கட் என்றால் முக்குவதற்குத்தான், அங்கே தோற்றால் சத்து இருந்து பயனில்லை. குளூட்டன் இல்லாத மாவைக் கட்டிப்பிடிக்கக் கொஞ்சம் கோதுமை வேண்டும் என்று அப்போது புரிந்தது.

இப்போது போடும் அளவு இது. வறுத்த முளைகட்டிய கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 50, பொட்டுக்கடலை மாவு 25, வறுத்து அரைத்த வேர்க்கடலை விழுது 50, நாட்டுச்சர்க்கரை 60, கடலை எண்ணெய் 50, உப்பு ஒரு சிட்டிகை, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறியது. உலர்ந்ததைக் கலந்து, எண்ணெயும் விழுதும் விட்டுப் பிசிறி, கடைசியில் ஆளி விதையைச் சேர்த்து உருட்ட வேண்டும். உதிர்ந்தால் மட்டும் இன்னொரு கரண்டி தண்ணீர். அரை மணி மூடி வைத்து, கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தட்டி 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகும். 24 பிஸ்கட்டாகப் போட்டால் ஒன்றுக்கு இரண்டரை கிராம் நாட்டுச்சர்க்கரை.

இந்த பிஸ்கட்டை அண்ணன் முக்கி, மெதுவாக ஐந்து எண்ணி எடுத்தார். முழுசாக வந்தது. வாரத்துக்கு மூன்று டப்பா போகிறது. டப்பாவில் 'சத்து பிஸ்கட்', 'சுகர் ஃப்ரீ' என்றெல்லாம் போடலாமே என்று பக்கத்துக் கடைத் தம்பி சொன்னான். சர்க்கரை இருக்கும்போது அப்படிப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சேர்மானங்களை அளவு வரிசையில் எழுதி ஒட்டுகிறேன். கோதுமை இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது என்பது மட்டும் பெரிய எழுத்தில். ஒரு டப்பா கீழ் வீட்டுக்கும் போகிறது, பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும் என்று அவன் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.